கணக்கில் வராத காற்று
(மோட்டார் தொழிற் பாடம்: வேகக் கார்களில் ஐட்லிங் ஏறி இறங்குவதைக் கண்டறியும் முறை)

கார் நிற்கிறது. கால் ஆக்ஸிலேட்டரில் இல்லை. கியர் நியூட்ரலில் இருக்கிறது. இந்நிலையில் என்ஜின் மெல்ல, ஒரே சீராக ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். இவ்வோட்டத்தைப் பட்டறைக்காரர்கள் ஐட்லிங் என்பார்கள். சில கார்களில் இது சீராக இராது. 800-இல் நிற்க வேண்டிய முள் 1,500 வரை ஏறும், மறுகணம் 700-க்கு விழும், மீண்டும் ஏறும். மாடிப்படி ஏறி வந்தவன் மூச்சிரைப்பது போல என்ஜின் இரைத்துக்கொண்டே இருக்கும். வேறு சில கார்கள் சிக்னல் விளக்கருகே வந்து நிற்கும் சமயம் சட்டென்று அணைந்தே போகும்.

இதை வெறும் தொந்தரவு என்று தள்ளிவிடலாகாது. சாலைச் சந்தியில் என்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்கம் இரண்டொரு மிதிக்குத்தான் மிஞ்சியிருக்கும். அப்பால் முழுப் பலத்தோடு மிதித்தால்தான் கார் நிற்கும். பின்னால் லாரி வருகிற வேளையில் இது விளையாட்டல்ல.

பணத்துக்கும் இதனால் கேடுண்டு. கடை முதலாளி ஒருவர் காரைப் பட்டறையில் விடுகிறார். மாலையில் பேச்சு இப்படிப் போகிறது:

“முதலாளி, இ.சி.யு. போயிற்று. மாற்றினால்தான் சரிவரும்.”

“எதைப் பார்த்துச் சொல்கிறாய் தம்பி?”

“பார்க்க வேண்டியதே இல்லை முதலாளி. இந்த மாடலுக்கு இதுதான் நோய்.”

இ.சி.யு. மாறும், நோய் போகாது. பிறகு சென்சார் மாறும், பிளக் மாறும், பெட்ரோல் பம்பு மாறும். ஆயிரக்கணக்கில் வெள்ளி இறங்கிய பின், வெடித்துப்போன ஒரு சிறு ரப்பர்க் குழாயில் விஷயம் முடியும். நம் கடையில் மாத முடிவில் இருப்புக் குறைந்தால் எடுத்த எடுப்பில் கணக்குப்பிள்ளையையா மாற்றுகிறோம்? சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்த்து, எங்கே சரக்கு வந்தது, எங்கே போயிற்று என்றல்லவா தேடுகிறோம்! என்ஜினுக்கும் அதே வழிதான். இங்கே சரக்கு என்பது காற்று. கணக்குப்பிள்ளை என்பது இ.சி.யு.

பொதுவாகப் பேசினால் பயன் குறைவு. ஆகவே ஒரே ஒரு என்ஜினை எடுத்துக்கொள்வோம். மிட்சுபிஷி கம்பெனியார் 1992-இல் வெளியிட்ட லான்சர் எவொலூஷன் காரிலும், அதன் பின்வந்த ஒன்பதாம் எவொலூஷன் வரையிலும் இருந்தது 4ஜி63 என்னும் டர்போ என்ஜின். அளவு 1,997 சி.சி. முதல் எவொலூஷனில் 250 குதிரைச்சக்தியும் 1995-இல் வந்த மூன்றாவதில் 270-உம் தந்தது. டாமி மாக்கினன் 1996 முதல் 1999 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து உலக ராலிப் பட்டம் வென்றது எவொலூஷன் கார்களில்தான். நம் மலேசியாவின் கரம்ஜித் சிங் 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டம் வென்ற புரோட்டான் பெர்ட் காரும் எவொலூஷனை அடியாகக் கொண்டதே.

இவ்வென்ஜினைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. புரோட்டான் விரா காரின் உடல் அக்கால லான்சரின் உடலே. ஆதலால் ஜப்பானிலிருந்து பாதியாய் வெட்டி வந்து இறங்கும் ஹாஃப்கட் சாமான்களில் எவொலூஷன் என்ஜினை எடுத்து விராவுக்குள் இறக்கும் வழக்கம் மலேசியாவில் பரவிற்று. இப்படி இறக்கிய கார்களில் ஐட்லிங் கோளாறு மிகுதி. பழைய ரப்பர், ஒட்டுப்போட்ட வயர், இடம் மாறிச் செருகிய ஹோஸ் எல்லாம் ஒரே வண்டியில் கூடியிருக்கும். (என்ஜின் மாற்றத்துக்கு ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும் என்பதையும் வாங்குகிறவர் மறக்கலாகாது.)

இனிக் காற்றின் கணக்கைப் பார்ப்போம்.

வெளிக்காற்று முதலில் ஏர்கிளீனர் பெட்டிக்குள் வருகிறது. அங்கே ஒரு சென்சார் இருந்துகொண்டு, காற்று ஓடும்போது உண்டாகும் சிறு சுழல்களை எண்ணி, இவ்வளவு காற்று வந்தது என்று இ.சி.யு.வுக்குச் சொல்கிறது. அதற்குத் தக்கபடி இ.சி.யு. பெட்ரோலை விடுகிறது. காற்று பின்னர் டர்போவுக்குள் சென்று, குழாய்கள் வழியாக இன்டர்கூலரைக் கடந்து, த்ராட்டில் கதவருகே வந்து நிற்கிறது. காலை எடுத்துவிட்டால் இக்கதவு மூடிக்கொள்ளும். அப்பொழுது என்ஜின் மூச்சுவிடுவது எப்படி? கதவைச் சுற்றிக்கொண்டு போகும் மூன்று சந்துகள் வழியாக.

முதற் சந்தில் கையால் திருகும் ஒரு திருகாணி இருக்கிறது. இரண்டாவது சந்தில் மெழுகு அடைத்த ஒரு வால்வு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது திறந்திருந்து காற்றை மிகுதியாக விடும். ரேடியேட்டர் நீர் சூடேறியதும் மெழுகு விரிந்து வழியை அடைத்துவிடும். மூன்றாவது சந்தில் ஐ.எஸ்.சி. எனப்படும் சிறு ஸ்டெப்பர் மோட்டார். ஏர்கோன் போட்டாலும், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும், லைட்டுகள் எரிந்தாலும் என்ஜினுக்குச் சுமை கூடுமல்லவா? அந்தச் சுமைக்கு ஏற்ப இ.சி.யு. இம்மோட்டாரைப் படிப்படியாகத் திறந்து மூடிச் சுற்றைக் காத்துவரும்.

ஆகவே தவறு இரண்டு வகைப்படும். சென்சார் எண்ணிய காற்றே சந்துகளின் வழியாக அளவுக்கு மிஞ்சிப் போவது ஒன்று. சென்சார் எண்ணாத காற்று எங்கோ ஓட்டை வழியாகப் புகுவது மற்றொன்று. முன்னது வாசல் வழியே வந்த மிகைச் சரக்கு. பின்னது கொல்லைப்புறமாக வந்த சரக்கு. இரண்டையும் பிரித்தறிவதுதான் இப்பாடத்தின் உயிர்நிலை.

முள் ஏன் தாளம் போட்டது போல ஏறி இறங்குகிறது என்பதையும் இப்போது விளக்கிவிடலாம். த்ராட்டில் மூடியிருக்கிறது என்பதை ஐடில் சுவிட்சு ஒன்று இ.சி.யு.வுக்கு அறிவிக்கும். த்ராட்டில் மூடியிருந்தும் சுற்று ஒரு வரம்புக்கு மேல் இருந்தால், ‘கார் சரிவில் இறங்குகிறது போலும், பெட்ரோல் வேண்டாம்’ என்று இ.சி.யு. முடிவு செய்து பெட்ரோலை நிறுத்திவிடும். உடனே சுற்று விழும். விழுந்ததும் மீண்டும் பெட்ரோலை விடும். மிகைக் காற்றோ இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது, ஆகவே சுற்று மறுபடியும் வரம்பைத் தாண்டும், மறுபடியும் நிறுத்தம். கணக்குப்பிள்ளை பைத்தியக்காரனல்ல. தனக்குக் கொடுத்த சட்டத்தின்படிதான் நடக்கிறான். காற்றை அடைத்தால் ஆட்டமும் நின்றுபோகும்.

எனவே முதல் வேலை கருவிகளை எடுப்பதல்ல. நோய் எப்போது வருகிறது என்று விசாரிப்பது. காலையில் குளிர்ந்த என்ஜினில் சுற்றுச் சற்றே உயர்ந்திருப்பது இயல்பு. நீர் 80 முதல் 95 பாகைச் சூட்டுக்கு வந்த பின்னும் உயர்ந்தே இருந்தால் மெழுகு வால்வின் மேல் சந்தேகம் கொள்க. ஏர்கோன் போடும்போது மட்டும் என்ஜின் தடுமாறினால் ஸ்டெப்பர் மோட்டார். வேகமாக வந்து காலை எடுத்து நிற்கும்போது மட்டும் அணைந்தால், கரி பிடித்த த்ராட்டில் அல்லது பின்னர்ச் சொல்லப்போகும் புளோ-ஆஃப் வால்வு. ஏறி இறங்காமல், தாளமின்றி ‘டுப் டுப்’ என்று குலுங்கினால் அது வேறு நோய். ஏதோ ஒரு சிலிண்டரில் பிளக்கோ வயரோ இஞ்செக்டரோ சரியாக வேலை செய்யவில்லை. அங்கே காற்றைத் தேடுவது வீண். முதலில் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கம்பிரஷனை அளந்து பாருங்கள்.

பந்தயக் கேம்ஷாஃப்டு மாட்டிய காரும் நின்ற இடத்தில் குலுங்கும். அது நோயன்று; அதன் குணம். அத்தகைய காரை 750-இல் நிறுத்தப் பாடுபடுவதைவிட, ட்யூன் செய்கிறவரிடம் சொல்லி ஐட்லிங்கைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்வதே அறிவுடைமை. விற்பவர் இக்குணத்தைச் சொல்லி ஓட்டையையும் சேர்த்து மறைப்பதுண்டு, அதற்கு ஏமாறலாகாது.

விசாரணை முடிந்தபின் ஓட்டை தேடல். ரப்பர்க் குழாய்களுக்கு நம் நாட்டு வெயிலும் டர்போவின் அனலும் நமனாக வாய்த்தவை. இன்டேக் மானிஃபோல்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைத்தால்தான் தெரியும். என்ஜின் ஓடுகையில் ஹோஸை ஒவ்வொன்றாக நசுக்கினால், எதை நசுக்கும்போது சுற்று மாறிச் சீராகிறதோ அங்கே வினை இருக்கிறது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸையும் அதிலுள்ள ஒருவழி வால்வையும் கட்டாயம் பார்க்க வேண்டும். இது கசிந்தால் ஐட்லிங் மட்டுமல்ல, பிரேக்கே பழுது. அவ்வாறே, என்ஜின் எண்ணெய் ஆவியைத் திருப்பிவிடும் பி.சி.வி. வால்வு, எண்ணெய் ஊற்றும் மூடியின் ரப்பர், எண்ணெய் அளக்கும் கம்பியின் வளையம் இவையும் காற்றுப் புகும் வாசல்களே. இச்சில்லறைச் சாமான்களைப் பட்டறையில் யாரும் நினைப்பதில்லை. விலை அற்பமாக இருப்பதுதான் காரணமோ என்னவோ!

சிலர் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, சுற்று மாறும் இடத்தைக் கொண்டு ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள். வேலை எளிதுதான். ஆனால் 4ஜி63-இல் எக்ஸாஸ்டும் டர்போவும் தணலாய்க் காய்ந்திருக்கும். தீப்பற்றும் மருந்தை அங்கே பீய்ச்சுவது கத்தியை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவதற்கு ஒப்பு. புகை விட்டுப் பார்க்கும் யந்திரம் உள்ள பட்டறைகள் இன்று இருக்கின்றன. அதனினும் நல்லது அழுத்தச் சோதனை. என்ஜினை நிறுத்திவிட்டு, ஏர்கிளீனரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயின் வாயை, டயர் வால்வு பொருத்திய மூடி ஒன்றினால் அடைத்து, டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரஸரால் காற்றேற்ற வேண்டும். 10 பவுண்டு போதும். 15-க்கு மேல் போகக் கூடாது. பிறகு இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடம் நுரை கட்டிக் காட்டும். எண்ணெய் மூடியைத் திறந்து செவி கொடுங்கள். அங்கே பலத்த சீறல் கேட்டால் பி.சி.வி. வால்வில் கசிவு என்று அர்த்தம். முடிந்ததும் காற்றை முழுதும் இறக்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும்.

டர்போ காரில் ஒரே ஓட்டை இருவகைத் தீங்கு செய்யும். த்ராட்டிலுக்கு அப்பால் மானிஃபோல்டில் ஓட்டை இருந்தால், ஐட்லிங்கில் வேக்கம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கணக்கில் வராத காற்று! பெட்ரோல் குறைந்து என்ஜின் வறண்டு தடுமாறும். அதே ஓட்டை, டர்போ முழு வேகத்தில் ஊதும்போது, எண்ணிய காற்றை வெளியே துப்பும். அப்போது பெட்ரோல் மிஞ்சிக் கறுப்புப் புகை வரும். ‘நிற்கும்போது ஆட்டம், ஓடும்போது இழுவையில்லை’ என்று காரின் சொந்தக்காரர் சொன்னால் இரு நோய் என்று எண்ணி இரு செலவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் ஓர் ஓட்டைதான். பழைய 4ஜி63-களில் த்ராட்டில் கதவின் அச்சிலுள்ள சீல்கள் தேய்ந்து அங்கேயே கசிவது வெகு சகஜம். சீல் மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை, பொறுமைதான் வேண்டும்.

புளோ-ஆஃப் வால்வைப் பற்றிச் சொன்னேனல்லவா? கியர் மாற்றக் காலை எடுக்கும்போது, த்ராட்டிலில் மோதும் காற்றை இவ்வால்வு திறந்து டர்போவின் முன்வழிக்கே திருப்பி அனுப்புகிறது. கம்பெனியார் வைத்த ஏற்பாடு இது. இளைஞர்கள் ‘பிஷ்ஷ்’ என்ற ஓசைக்கு ஆசைப்பட்டு, காற்று வெளியே போகும்படியான வேறு வால்வை மாட்டுகிறார்கள். சென்சார் எண்ணிவிட்ட காற்று தெருவுக்குப் போய்விடுகிறது; அதற்குரிய பெட்ரோல் மட்டும் என்ஜினுக்குள் வருகிறது. பெட்ரோல் மிஞ்சி, நிற்கும் இடத்தில் என்ஜின் அணைகிறது. போதாக்குறைக்கு, ஸ்பிரிங் இளகிய வால்வு ஐட்லிங்கிலும் சற்றே திறந்திருந்து எண்ணாத காற்றை உள்ளே விடும். ஓசை வேண்டுமா, சீரான ஐட்லிங் வேண்டுமா என்று மகனிடம் தகப்பனார் கேட்டுவிட வேண்டியதுதான். சோதிப்பது எளிது: வெளியே திறக்கும் வாயை மீண்டும் குழாயோடு இணைத்து, ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

ஓட்டை ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகே மின்சாரப் பக்கம் போக வேண்டும். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, த்ராட்டில் அருகே காதை வையுங்கள். ஸ்டெப்பர் மோட்டார் அசையும் ஓசை மெல்லக் கேட்க வேண்டும். கேட்கவில்லையெனில் ஆறு ஊசியுள்ள அதன் செருகியைக் கழற்றி மீட்டரால் அளக்க வேண்டும். 2-ஆம் ஊசிக்கும் 1-க்கும், 2-க்கும் 3-க்கும், அதேபோல 5-க்கும் 4-க்கும், 5-க்கும் 6-க்கும் இடையே 20 பாகையில் 28 முதல் 33 ஓம் இருத்தல் முறை. நம் ஊர்ச் சூட்டில் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். வெகுவாகக் குறைந்திருந்தால் சுருள் ஷார்ட் ஆகிவிட்டது.

பட்டறையில் பலர் தவறும் இடம் இதுதான். ஷார்ட் ஆன ஸ்டெப்பர் மோட்டார், அதை இயக்கும் இ.சி.யு. பகுதியைக் கருக்கிவிடும். மோட்டாரைப் பாராமல் இ.சி.யு.வை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதியாகும். இரண்டு இ.சி.யு. வாங்கியவர்களின் கதை பெரும்பாலும் இதுவே. நிற்க, 1990-களின் தொடக்கத்தில் வந்த இவ்வகை இ.சி.யு.க்களில் உள்ளிருக்கும் கெப்பாஸிட்டர்கள் காலப்போக்கில் கசிந்து தகட்டை அரிப்பது மெய். பெட்டியைத் திறந்தால் மீன் நாற்றம் போன்ற வாடையும் பழுப்புக் கறையும் காட்டிக்கொடுக்கும். கண்ணால் கண்டு அப்படித் தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்கை நம்பலாம்.

நீர்ச் சூட்டுச் சென்சாரையும் அளந்துவிடுங்கள்: 20 பாகையில் ஏறத்தாழ 2.4 கிலோ ஓம், 80 பாகையில் ஏறத்தாழ 0.3. இது பொய் சொன்னால், காய்ந்த என்ஜினைக் குளிர்ந்ததென்று எண்ணி இ.சி.யு. பெட்ரோலை அள்ளி ஊற்றும். ஐடில் சுவிட்சின் வயர் அறுந்திருந்தால் கணக்குப்பிள்ளைக்குக் கதவு மூடியதே தெரியாது. ஐட்லிங்கைக் கவனிக்கும் வேலையையே அவர் தொடங்கமாட்டார். விராவில் இறக்கிய என்ஜின்களில் இந்த வயரை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

எல்லாம் சரியான பின்புதான் முதற் சந்திலுள்ள திருகாணிக்கு வருகிறோம். நடைமுறையில் பலர் இதைத்தான் முதலில் தொடுகிறார்கள்! என்ஜினை நன்கு சூடேற்றி, ஏர்கோன், விளக்கு, ரேடியேட்டர் விசிறி எல்லாம் நின்றிருக்கையில், பழுதறியும் முனையையும் டைமிங் முனையையும் எர்த் செய்ய வேண்டும். இதனால் இ.சி.யு. தன் திருத்தங்களை நிறுத்திக்கொள்ளும். அப்போது திருகாணியைத் திருகி, காரின் குறிப்புப் புத்தகத்தில் சொன்ன சுற்றுக்கு வைக்க வேண்டும். மாடலுக்கேற்ப 750 அல்லது 850 போல இருக்கும். உள்ளே திருகினால் குறையும். வெளியே திருகினால் கூடும். த்ராட்டில் கதவையே தாங்கும் மற்றொரு திருகாணி கம்பெனியில் வைத்து அனுப்பியது. அதன் மேல் கை வைக்கலாகாது.

இத்திருகாணி ஒரு சாட்சியுமாகும். முழுவதும் உள்ளே திருகி அடைத்தும் சுற்றுக் குறையவில்லை என்றால், காற்று வேறு வழியாக வருகிறது. யாரோ கதவின் திருகாணியைத் தொட்டிருக்க வேண்டும். இல்லையேல் மெழுகு வால்வு அடைபடவில்லை. அதுவும் இல்லையேல் ஓட்டை இன்னும் அகப்படவில்லை. காரை விற்க வரும் சிலர் இதை இறுக அடைத்து, ஓட்டையை அன்றைக்கு மட்டும் மறைத்துக் கொண்டுவருவார்கள்.

ஆகையால் இப்படிப்பட்ட காரைப் பார்க்கப் போகிறவர், என்ஜினைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். பாட்டரி வயர் புதிதாகக் கழற்றி மாட்டியதுபோல் தெரிந்தால் காரணம் கேளுங்கள். பாட்டரியைக் கழற்றினால் பழைய பிழைக் குறிப்புகள் இ.சி.யு.விலிருந்து அழிந்துவிடும். குளிரில் ஒரு முறை ஸ்டார்ட் செய்து, சூடேறும் வரை நின்று முள்ளைக் கவனித்து, பின்னர் ஏர்கோனைப் போட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். பிறகு சாலையில் ஓட்டி, இறங்கி வந்து நிற்கும்போது முள் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். இவ்வளவுக்கும் அரைமணி நேரம் பிடிக்கும். அந்த அரைமணிக்கு விற்பவர் இடங்கொடாவிட்டால் முன்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடலாம்.